பார்க்கலாம், கேட்கக் கூடாது

கேள்வி:

அன்புள்ள டாக்டர் அக்காவுக்கு,

நாங்கள் தஞ்சாவூர்ப் பக்கம். என் கணவர் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் இந்தியர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயிலில் நாதஸ்வரம் வாசிக்கிறார். ஒப்பந்தத்தில் வந்து ஐந்து வருடம் ஆகிறது. மகனுக்கு ஒன்பது வயது. மூன்று மாதத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டில் துப்பாக்கியோடு புகுந்து கொள்ளையடித்தார்கள். பையன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டான். அதிலிருந்து தனியாகப் படுப்பதில்லை, படுக்கையை நனைக்கிறான், பள்ளிக்குக் கிளம்பும்போது வயிறு வலிக்கிறது என்று அழுகிறான். அரசு மருத்துவமனையில் காட்டினோம். நேரில் பார்க்க நான்கு மாதம் ஆகுமாம். அதுவரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உளவியலாளர் போனில் வீடியோ வழியாகப் பேசுவார் என்கிறார்கள். "போனில் பேசினால் பயம் போய்விடுமா?" என்று இவர் கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. எங்களுக்கு ஒரே அறை, பின்னால் சமையல்கட்டு, அவ்வளவுதான். சென்னையில் இருக்கும் என் தங்கை அங்கேயே ஒரு ஆலோசகரிடம் தமிழில் பேசலாம் என்கிறாள். விஷயம் தெரிந்த கோயில் கமிட்டியினர், ஹாலை ஒட்டிய சின்ன அறையையும் வைஃபையையும் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் சொல்கிறார்கள். டவுனுக்குள் இருந்துகொண்டு இதெல்லாம் தேவையா? செய்யலாமா?

ஒரு வாசகி, டர்பன்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

அந்த வீடியோ தேதியை விட்டுவிடாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நேரில் பார்க்கும் தேதியும் அப்படியே இருக்கிறதா என்று கேட்டு, அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றுக்குச் சரி என்றதும் மற்றது பட்டியலிலிருந்து காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். (நான் மருந்து எழுதும் டாக்டர் இல்லை, உளவியலாளர். அக்கா என்பது போதும்.)

அப்புறம், படுக்கை நனைவதும் வயிற்று வலியும் பயத்தால்தான் என்று நாமாக முடிவு கட்ட வேண்டாம். நனைப்பதை நிறுத்திய பையன் மறுபடி ஆரம்பித்தால் சிறுநீர்த் தொற்று, சர்க்கரை, மலச்சிக்கல் மூன்றையும் பார்த்துவிட வேண்டும். பக்கத்துக் கிளினிக்கில் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை, வயிற்றைத் தொட்டுப் பார்க்க ஒரு நர்ஸ், இதை எந்த வீடியோவாலும் செய்ய முடியாது. நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் பயம்தான் என்று எனக்கும் தோன்றுகிறது. இருந்தாலும் பார்த்துவிடுங்கள். தாகம் அதிகமாக எடுக்கிறது, எடை குறைகிறது என்றால் அன்றைக்கே போங்கள்.

டவுனுக்குள் இது தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். தொலைவிலிருந்து சிகிச்சை என்றாலே மலைமேல் இருக்கும் கிராமத்துக்கு என்று நினைத்துக்கொள்கிறோம். சாட்ஸ்வொர்த்திலிருந்து டர்பன் நகர மையம் இருபது கிலோமீட்டர் சுமார்தான். ஆனால் அதைக் கிலோமீட்டரில் அளக்கிறவர் கார் வைத்திருப்பவர். மற்றவர்களுக்கு அது இரண்டு டாக்ஸி (இங்கே டாக்ஸி என்றால் பலர் சேர்ந்து போகும் மினிபஸ்), விடிகாலை வரிசை, ஒரு நாள் கூலி, பிள்ளைக்குப் பள்ளியில் ஒரு நாள் லீவு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்யச் சொன்னால் மூன்றாவது தடவை பலர் வருவதில்லை. என்னிடம் பாதியில் நின்றுபோன பிள்ளைகளில் நிறையப் பேர் குணமாகி நின்றவர்கள் இல்லை, டாக்ஸிக் காசு தீர்ந்து நின்றவர்கள். குழந்தைகளுக்கென்று படித்த மனநல மருத்துவர்கள் இந்த நாட்டில் மிகக் குறைவு. தனியாரிடம் போகலாம் என்றால் மெடிக்கல் எய்ட் என்கிற மருத்துவக் காப்பீடு இல்லாதவர்களுக்குக் கட்டுப்படியாகாது. 2020-ல் ஊரடங்கு, 2021 ஜூலையில் கலவரம், 2022 ஏப்ரலில் வெள்ளம் என்று அடுத்தடுத்து வாங்கிய ஊர் இது. உங்கள் தெருவில் பயந்துபோய் இருப்பது உங்கள் பையன் ஒருவன் மட்டும் இருக்காது.

போனில் பேசினால் பயம் போகுமா என்று உங்கள் கணவர் கேட்டதை நானும் ஒரு காலத்தில் கேட்டவள்தான். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது என் அறையில் இருந்த மணல் தட்டு, பொம்மைகள், வண்ணப் பென்சில்கள் எல்லாம் பூட்டிய கதவுக்குப் பின்னால் போய்விட்டன. கையில் ஒரு போன். முதல் நாள் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி. போனைத் தரையில் மல்லாக்க வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். அரை மணி நேரம் நான் பார்த்தது அவர்கள் வீட்டு மின்விசிறியை. அடுத்த வாரம் நானும் என் வீட்டு விசிறியைக் காட்டினேன். யாருடையது வேகமாகச் சுற்றுகிறது என்று போட்டி. பேச்சு அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

அது சிரிக்கிற கதை. இன்னொன்று அப்படியில்லை. பத்து வயதுப் பையன். ஒவ்வொரு கேள்விக்கும் இடப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாத்தான் இருக்கு ஆன்ட்டி" என்பான். நெட் மெதுவாக இருக்கிறது, கேள்வி தாமதமாகப் போய்ச் சேருகிறது என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது அழைப்பில் போன் அவன் கையிலிருந்து நழுவியது. பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவரின் முழங்கால் தெரிந்தது. யாரைப் பற்றி அவன் என்னிடம் சொல்ல வேண்டியிருந்ததோ, அவர்தான் மூன்று வாரமாக அங்கே உட்கார்ந்திருந்தார். தப்பு என்னுடையது. நெட்டின் மேல் பழி போடுவது சுலபமாக இருந்தது, போட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு, அழைப்பு வந்ததும் போனைக் கையில் எடுத்து அறையை ஒரு சுற்று காட்டச் சொல்கிறேன். பிள்ளைக்கு ஹெட்போன் கட்டாயம், என் கேள்வி அவன் காதுக்கு மட்டும் போக வேண்டும். பேச முடியாத நேரத்தில் ஆமாம், இல்லை என்று தலையாட்டினால் போதும்படி கேட்பேன். யாராவது உள்ளே வந்துவிட்டால் "கிரிக்கெட் ஸ்கோர் என்ன?" என்று கேள், நான் பேச்சை மாற்றிவிடுகிறேன் என்று முதல் நாளே சொல்லிவைப்பேன். உங்கள் உளவியலாளர் இப்படி ஒரு வார்த்தை வைத்துக்கொள்ளாவிட்டால் நீங்களே கேளுங்கள். சங்கடப்பட ஒன்றுமில்லை.

எனவே உங்கள் வீட்டில் நான் முதலில் கவலைப்படுவது அந்த ஒரே அறையைப் பற்றித்தான். சாயரட்சை பூஜைக்கு உங்கள் கணவர் வாசிக்கப் போயிருக்கும் நேரத்தில் அழைப்பைக் கேட்டு வாங்க முடியுமா பாருங்கள். ஆரம்பத்தில் பத்து நிமிடம் பையனோடு உட்காருங்கள், பிறகு வெளியே படிக்கட்டில் உட்காருங்கள். இங்கே ஒட்டிக் கட்டிய வீடுகள், நடுச்சுவர் ஒன்றுதான். சுவரோரம் ஒரு கெட்டிப் போர்வையைத் தொங்கவிட்டு, வெளியே லோட்டஸ் எஃப்.எம்.மைக் கொஞ்சம் சத்தமாக வையுங்கள். டேட்டா தீர்ந்துவிடும் என்ற பயம் இருந்தால் முதல் பத்து நிமிடம் வீடியோ, மீதி வெறும் குரல் என்று வைத்துக்கொள்ளலாம். வீடியோ தின்பதில் ஒரு சிறு பங்குதான் குரல் தின்னும். முகம் தெரியாதபோது சில பிள்ளைகள் கூடுதலாகவே பேசுவார்கள்.

இப்போது உங்கள் கணவருக்கு. ஒன்பது வயதுப் பையனின் பயத்தில், போனில் வரும் ஆள் செய்வது கால்வாசி. முக்கால்வாசி வீட்டில் நடக்கிறது. இங்கிலாந்தில் நானூறுக்கும் மேற்பட்ட குடும்பங்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடத்தி 2024-ல் வெளியிட்டார்கள். எல்லாம் 5 முதல் 12 வயது வரையுள்ள, பதற்றத்தால் சிரமப்படும் பிள்ளைகள். ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு, பெற்றோர் இணையத்தில் பாடம் படிக்க, சிகிச்சையாளர் இடையிடையே சிறிது நேரம் பேசி வழிகாட்டினார். முன்னேற்றத்தில் இரண்டாவது கூட்டம் பின்தங்கவில்லை, சிகிச்சையாளரின் நேரமும் நிறைய மிச்சமானது. அந்தப் பாடத்தில் மாணவர் பிள்ளை இல்லை, அப்பா அம்மா. தூரத்திலிருந்து மிக நன்றாக நடக்கும் வேலை இந்தப் பெற்றோர் பாடம்தான் என்பது என் அனுபவமும்.

வீட்டில் என்ன செய்வது? பையன் ராத்திரி பூட்டை எத்தனை தடவை பார்க்கச் சொல்கிறான் என்று எண்ணிப் பாருங்கள். ஆறேழு தடவை இருக்கும். ஒவ்வொரு தடவையும் நீங்கள் எழுந்து போய்ப் பார்த்தால், அவன் மனசு 'பயப்பட விஷயம் இருக்கிறது' என்றுதான் எடுத்துக்கொள்ளும். படுக்கும் முன் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே தடவை பார்ப்பது, அத்தோடு முடிந்தது. உங்கள் பாய் இப்போது அவன் கட்டிலோடு ஒட்டி இருக்கிறதா? இந்த வாரம் ஒரு கை தள்ளிப் போடுங்கள், அடுத்த வாரம் சுவரோரம், அதற்கடுத்து சமையல்கட்டு வாசலில். ஒரே நாளில் தள்ளினால் அவன் உங்களை நம்பமாட்டான். நனைந்த துணிக்குத் திட்டோ கேலியோ கூடாது, காலையில் அவனே உருவிக் கூடையில் போடட்டும். பள்ளிக்கு அனுப்பிவிடுங்கள், வயிறு வலித்தாலும். அரை நாள் போனாலும் நல்லது. போகாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் மறுநாள் காலையைக் கஷ்டமாக்கும். வகுப்பு ஆசிரியருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்றில் மட்டும் நான் புத்தகம் சொல்வதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். "எதுவும் நடக்காது, பயப்படாதே" என்று அவனிடம் சொல்லாதீர்கள். நடந்தது, அவன் பார்த்தான். இந்த ஊரில் ஆபத்து கற்பனை இல்லை. "இனி நடந்தால் நாம் என்ன செய்வோம்" என்பதைச் சொல்லுங்கள்: எங்கே நிற்போம், யாரைக் கூப்பிடுவோம், அம்மா என்ன செய்வாள். ஒரு தடவை தெளிவாகச் சொல்லிவிட்டு விடுங்கள்.

மூச்சுப் பயிற்சியை உங்கள் கணவரே சொல்லிக்கொடுக்கட்டும். பதற்றத்தில் இருக்கும் பிள்ளைக்கு நாங்கள் கற்றுக்கொடுப்பது ஒன்றுதான்: இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். நாதஸ்வரக்காரருக்கு இதை நான் சொல்லித்தருவதா? சீவாளியை மட்டும் பையன் கையில் கொடுத்து, ஒரே சீராக எவ்வளவு நேரம் ஊதுகிறாய் பார்க்கலாம் என்று தினமும் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் என் வேலையில் பாதி மிச்சம். விபூதி போடுவது, மந்திரிப்பது இருந்தால் அதுவும் நடக்கட்டும். நான் சண்டைக்கு வரமாட்டேன், அழைப்புத் தேதியைத் தள்ளிப்போடாத வரை.

மூன்று மாதம் ஆகிவிட்டதால் ஒன்றை உளவியலாளரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அந்தச் சம்பவம் கனவில் வருகிறதா, திடீர்ச் சத்தத்துக்குத் துள்ளுகிறானா, அந்த ஜன்னல் பக்கம் போகாமல் சுற்றிப் போகிறானா? இப்படிப்பட்டவை பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு மாதத்துக்குள் அடங்கிவிடும். அதைத் தாண்டி நின்றால் அதற்கென்று தனிச் சிகிச்சை உண்டு, வீடியோவிலும் தரலாம். ஆனால் சாவதைப் பற்றிப் பேசுகிறான், தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறான், சாப்பிடவே மறுக்கிறான் என்றால் போன், வீடியோ எதற்கும் காத்திருக்காமல் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். பிள்ளைகளுக்கான உதவி எண் சைல்ட்லைன் 116, கட்டணம் இல்லை. தற்கொலைத் தடுப்புக்கு சடாக் என்ற மனநல அமைப்பின் 0800 567 567 என்ற எண் இருக்கிறது. இரண்டையும் சமையல்கட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

சென்னை ஆலோசகர் விஷயம். உங்கள் தங்கையின் மனசு புரிகிறது. மருத்துவமனையில் நீங்கள் சொல்வதைப் பையன்தான் ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்கிறான், இல்லையா? அதை முதலில் நிறுத்துங்கள். தன் பயத்தைத் தானே மொழிபெயர்க்கிற பிள்ளை, அம்மா அழாத மாதிரிதான் மொழிபெயர்ப்பான். பெரியவர்களில் ஒருவரை, கமிட்டியில் தமிழ் தெரிந்த ஆன்ட்டி யாராவது இருந்தால் அவரை, உங்கள் பங்குப் பேச்சுக்கு மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள். பையனுக்கோ பயத்துக்கான வார்த்தைகள் எல்லாம் பள்ளி ஆங்கிலத்தில்தான் இருக்கும், அவனுக்கு உள்ளூர் ஆளே பொருத்தம். சென்னையிலிருந்து பேசுகிறவருக்கு இங்கே ஏதாவது என்றால் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாது, மூன்றரை மணி நேர வித்தியாசம் வேறு. எல்லை தாண்டி இங்குள்ளவர்களுக்குச் சிகிச்சை தருபவர் இங்கும் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது, டாக்டர்களும் உளவியலாளர்களும் இங்கே பதிவு செய்யும் எச்.பி.சி.எஸ்.ஏ. கவுன்சிலின் நெறி. யார் பெயரையும் அவர்கள் இணையப் பதிவேட்டில் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். இந்திய அரசின் மனநலத் தொலைபேசி எண்ணான டெலி மானஸ் 14416 நல்ல சேவை, தமிழிலும் உண்டு, ஆனால் அது இந்தியாவில் இருப்பவர்களுக்கானது. உங்களுக்கு மனசு ஆற, அம்மாவாக, தமிழில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் தங்கையிடமே பேசுங்கள். அதற்குப் பதிவு எண் தேவையில்லை.

இப்போது கோயில் அறை. செய்யலாம். செய்ய வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் கமிட்டியினர் வைஃபை வேகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள், நீங்கள் கதவைப் பற்றிக் கேளுங்கள். பிள்ளை உள்ளே இருப்பது வெளியிலிருந்து தெரிய வேண்டும், பேசுவது கேட்கக் கூடாது. மரக்கதவில் ஒரு சின்னக் கண்ணாடி பொருத்தி, சந்துகளை அடைத்து, உள்ளே பாயும் திரைச்சீலையும் போட்டால் ஹாலில் இருப்பதுபோல் எதிரொலிக்காது. எந்தப் பெரியவரும் பிள்ளையோடு தனியாக உள்ளே உட்காரக் கூடாது, நீங்கள் உட்பட. உதவிக்கு வருபவர்கள் யாராக இருந்தாலும், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், பிள்ளைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர்களின் பட்டியலான தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் 'பி' பகுதியில் பெயர் இல்லை என்று தெரிந்த பிறகே சாவி. இதைக் கேட்டால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

அர்ச்சகரையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். 2005-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் 110-ஆம் பிரிவுப்படி, ஒரு பிள்ளை காயம்படும்படி அடிபடுகிறது, பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளாகிறது, வேண்டுமென்றே கவனிக்கப்படாமல் விடப்படுகிறது என்று நியாயமான காரணத்தோடு தெரியவந்தால் அதைத் தெரிவிக்க வேண்டியவர்கள் பட்டியலில் டாக்டர், ஆசிரியரோடு மதத் தலைவர்களும் இருக்கிறார்கள். 'குடும்ப விஷயம், நாம் பேசித் தீர்ப்போம்' என்ற வழி அங்கே கிடையாது. அதே சட்டத்தில், பன்னிரண்டு வயதைத் தாண்டி, விஷயத்தைப் புரிந்துகொள்ளும் பக்குவம் உள்ள பிள்ளை மருத்துவச் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம். பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி அம்மாவுக்குச் சொல்லாமல் வந்து நின்றால் விரட்டாதீர்கள், சிகிச்சையாளரிடம் விட்டுவிடுங்கள். நோட்டுப் புத்தகம் வேண்டாம். அர்ச்சனைச் சீட்டு எழுதும் பழக்கத்தில் பெயர், நட்சத்திரம், தெரு எல்லாம் எழுதி மேசைமேல் வைத்துவிடுவோம். நேரம் மட்டும் எழுதுங்கள், பெயர் மருத்துவமனையிடம் இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவும் வேண்டாம்.

அறை ரெடி என்பதால் சிகிச்சை வந்துவிடாது. குறைவாக இருப்பது ஆட்கள். மருத்துவமனை உளவியல் பிரிவுக்கு ஒரு கடிதம் போடுங்கள்: வாரத்தில் இரண்டு மாலை, கதவு சாத்திய தனி அறை, நெட், ஹெட்போன், வெளியே ஒரு ஆள் எங்கள் பொறுப்பு, உங்கள் காத்திருப்புப் பட்டியலில் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளை இங்கே அனுப்புங்கள் என்று. படிப்பு முடித்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்கள் ஒரு வருடம் அரசு சேவை செய்தாக வேண்டும். ரெஜிஸ்டர்ட் கவுன்சிலர் என்று ஒரு பிரிவும் இருக்கிறது, ஆரம்பக் கட்ட ஆலோசனைக்கு அவர்கள் போதும். கமிட்டியில் நல்ல மனசுள்ள யாராவது 'நானே பேசுகிறேனே' என்று வருவார்கள். டீ போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று, கமிட்டியில் சிலருக்குப் பிடிக்காது. சாட்ஸ்வொர்த் என்றால் நம் ஆட்கள் மட்டும் இல்லை. இங்குள்ள பாட்டில்பிரஷ் பகுதி மாதிரியான தகரக் குடியிருப்புகளில் இருக்கும் பிள்ளைகளுக்கு டேட்டாவும் இல்லை, கதவும் இல்லை. தொலைவிலிருந்து பேசுவதில் ஒரு வசதி, ஜூலு பேசும் ஆலோசகர் எந்த ஊரில் இருந்தாலும் அந்த அறைக்குள் வந்துவிடலாம். அந்தப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்தால் மருத்துவமனையும் உங்கள் கடிதத்தை வேறு மாதிரிப் படிக்கும்.

அறைக்குப் பெயர்ப்பலகை எதுவும் எழுதி மாட்டாதீர்கள். வாரம் மூன்று நாள் அங்கே வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுங்கள், அழைப்புகள் அதன் நடுவில் நடக்கட்டும். எந்தப் பிள்ளை கணக்குக்கு வந்தது, எந்தப் பிள்ளை வேறு எதற்கு வந்தது என்று வெளியே தெரியாது. அந்த அறை வாசலில் செருப்பு ஸ்டாண்டு இருக்கிறது என்று நினைக்கிறேன், இங்கே அநேகக் கோயில்களில் அப்படித்தான். அங்கே உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறவர்கள் இல்லாமல் இருக்கமாட்டார்கள். ஸ்டாண்டை ஹாலின் மறுபக்கம் மாற்றச் சொல்லுங்கள்.